விட்டு விட்டு ஒளிரும் செவ்விளக்கு

மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கு முன்னே உள்ள இடர் கண்ணுக்குப் புலனாகும். பின்னே வரும் இடர் புலனாகாது. சாலைச் சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டு ஒருவர் தம் ஊர்தியை நிறுத்துகின்றார். அவருக்குப் பின்னால் வரும் காரின் ஓட்டுநர் அதனை ஒரு நொடி தாழ்த்தி உணர்ந்தால் என்ன நேரும்? மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் 88 அடி கடந்துவிடும். காரினுள் இருப்போரைக் காக்க இரும்புக் கூடு உண்டு. மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவருக்குத் தலைக்கவசத்தை விட்டால் பெரிய காப்பு வேறில்லை.

இவ்விடரைக் குறைக்க அமெரிக்க ஐக்கிய நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சிலர் ஒரு வழியைக் கையாளுகின்றனர். வண்டியின் பின்புறத்தில், எண் பலகையின் அருகே, கூடுதலாக ஒரு செவ்விளக்கைப் பொருத்திக்கொள்கின்றனர். பிரேக்கை அழுத்தியவுடன் அது சில முறை விட்டு விட்டு ஒளிர்ந்து, பிறகு நிலையாக எரியும். இவ்விளக்கு சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

அவர்கள் இதனை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. காரின் பின்புறத்தில் இரு ஓரங்களிலும் விளக்குகள் அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே நடுவில் மூன்றாவது விளக்கு ஒன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளிலோ பெரும்பாலும் ஒரே விளக்குத்தான். இரவில் பின்விளக்காக எரிவதும் அதுவே. பிரேக் பிடிக்கும்போது சற்று மிகுந்து எரிவதும் அதுவே. ஒளி மிகுந்ததா, இல்லையா என்பதைத் தொலைவிலிருந்து நோக்குவோர் உடனே உணர்ந்துகொள்ளுதல் எளிதன்று.

ஆயினும் அந்நாட்டின் நடுவண் அரசு வகுத்த 108-ஆம் எண் தரவிதி, பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும் என்று கூறுகின்றது. திருப்பத்தை அறிவிக்கும் விளக்குகள், இடர் அறிவிக்கும் விளக்குகள் போன்ற சிலவே விட்டு விட்டு ஒளிரலாம். இதற்கு ஒரு விலக்கும் அதே விதியில் உண்டு. மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு, பகற்பொழுதில், நிமிடத்துக்கு 200 முதல் 280 முறை வரை ஒளி ஏறி இறங்குமாறு அமைக்கப்படலாம். முன்னே இசைவு தந்த சட்டம் பின்னே ஏன் மறுக்கின்றது என்று மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முன்விளக்கின் துடிப்பு, 'மோட்டார் சைக்கிள் வருகின்றது' என்று மட்டும் அறிவிப்பது. பின்விளக்கு அறிவிப்பதோ ஊர்தியின் செயலை. அதில் ஐயத்துக்கு இடமிருத்தல் ஆகாது.

சட்டத்தின் விந்தை இதனோடு முடியவில்லை. விதிப்படி அமைந்த கருவியைப் பயனற்றதாக்குதல் கூடாது என்னும் நடுவண் சட்டம், ஊர்தி செய்வோரையும் விற்போரையும் பழுது பார்க்கும் பட்டறையினரையும் கட்டுப்படுத்துகின்றது, உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே பட்டறைக்காரர் செய்தால் குற்றமாகக் கூடிய ஒரு வேலையை, உரிமையாளர் தம் வீட்டு முற்றத்தில் திருப்புளியைக் கையிலேந்தித் தாமே செய்துகொண்டால், நடுவண் சட்டம் அவரைத் தீண்டாது. அதன்பின் அவரை ஆள்வது மாநிலச் சட்டம். மாநிலங்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. மோட்டார் சைக்கிளின் பிரேக் விளக்கு தொடக்கத்தில் ஐந்து நொடிக்கு மேற்படாமல் ஒளி மாறலாம் எனச் சில இசைகின்றன. விட்டு விட்டு ஒளிரும் செவ்விளக்கு காவலர் முதலியோரின் ஊர்திகளுக்கே உரியது என வேறு சில தடுக்கின்றன. காலையில் குற்றமற்றவராகப் புறப்பட்ட ஒருவர், எல்லையைக் கடந்ததும் நண்பகலில் குற்றவாளி ஆகிவிடலாம்.

இத்தகைய விளக்கு உண்மையில் உயிர் காக்குமா? கலிபோர்னியாவில் ஜான் வோயவோட்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். சான்பிரான்சிஸ்கோ நகரில் 343 டாக்சிகளின் பின்புறத்தில் மஞ்சள் விளக்குகளைப் பொருத்தினார். வண்டியின் வேகம் எவ்வளவு விரைந்து குறைகின்றதோ அவ்வளவு விரைந்து அவை துடித்தன. பின்னால் வந்து மோதும் நேர்வுகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தன என்று 1974-இல் அவர் வெளியிட்ட கட்டுரை கூறிற்று. அவ்வகை மஞ்சள் விளக்கினைக் கலிபோர்னியாவின் ஊர்திச் சட்டம் வெளிப்படையாகவே இசைந்து ஏற்கின்றது.

இவ்வெண்ணைக் கண்டு எல்லா வண்டிகளிலும் துடிக்கும் விளக்கை மாட்டிவிடலாம் என்று கருதுவோர், காரின் மூன்றாம் பிரேக் விளக்கின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். அது துடிப்பதன்று, நிலையாக எரிவது. அதனைச் சோதித்த தொடக்க ஆய்வுகளில் பின்மோதல்கள் பாதியளவு குறைந்தன. 1985 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. எங்கும் அவ்விளக்கு பெருகிய பின்னர் நன்மை சுருங்கிற்று. 1987-இல் அது 8.5 விழுக்காடு; நெடுநாட் பயன் 4.3 விழுக்காடே என 1998-இல் அரசின் மதிப்பீடு கண்டது. 4.3 விழுக்காடும் சிறிதன்று. பெருநாட்டில் அது ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மோதல்களைத் தடுப்பதற்குச் சமம். ஆயினும் சில வண்டிகளில் மட்டும் இருந்தபோது கண்ணைப் பறித்த புதுமை, எல்லா வண்டிகளிலும் வந்தபின் பழகிப்போயிற்று என்பதை மறுக்கவியலாது.

ஆகவே துடிக்கும் விளக்கை அறவே தடுப்பதும் தவறு. கட்டின்றி விடுவதும் தவறு. சந்தையில் விற்கும் எளிய கருவிகளிற் பல, பிரேக் பிடியை விரலால் தொட்டாலே துடிக்கத் தொடங்கும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டி நிமிடத்துக்குப் பத்து முறை இவ்வாறு கண் சிமிட்டினால், பின்னால் வருபவர் அதனை மதியாமல் விடுவார். உண்மையிலேயே இடர் நேரும் பதினோராவது முறையும் மதியார்.

ஐரோப்பிய நாடுகள் பலவும் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் விதி இங்குச் சிறந்த வழி காட்டுகின்றது. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்போது, ஒவ்வொரு நொடியிலும் அதன் வேகம் நொடிக்கு 6 மீட்டர் அளவு குறையும்படி வன்மையாக நிறுத்தப்பட்டால் மட்டுமே விளக்குகள் துடிக்கலாம். துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை. மோட்டார் சைக்கிள்களுக்கும் இத்தகைய விதி உண்டு. அமெரிக்கா இதனை ஏற்பதில் தடையொன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. வேகக் குறைவை அளக்கும் சிறு கருவி இந்நாளில் விரல் நகத்தினும் சிறியது.

ஒன்று மட்டும் கருதத்தக்கது. சாலையோரத்தில் நிற்கும் காவலர், ஒரு விளக்கு வன்மையான நிறுத்தத்தால் துடித்ததா, விரல் பட்டதால் துடித்ததா என்பதை நின்ற இடத்திலிருந்தே கண்டறிதல் அரிது. இதனைச் சோதிக்க வேண்டிய இடம் விளக்கு செய்யப்படும் தொழிற்சாலையே. அங்கே அளந்து முத்திரையிட்ட விளக்கை எல்லா மாநிலங்களும் ஏற்குமாயின், பட்டறைக்காரர் அஞ்சாது பொருத்தலாம்; மாநில எல்லையை அணுகியதும் வண்டியை ஓரம் கட்டி விளக்கின் கம்பியைக் கழற்ற வேண்டிய தேவையும் எவருக்கும் இராது.