நமதல்லாத எஞ்சின்

வல்வெட்டித்துறைக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகு யாருடையது, அதன் பின்னே பூட்டிய எஞ்சின் யாருடையது என்னும் கேள்வி தொழில் நன்கு நடக்குமட்டும் எவர் மனத்திலும் எழுவதில்லை. கடன் கழுத்துமட்டும் ஏறிய பின்னரே அது வீட்டு வாசலில் வந்து நிற்கின்றது.

இவ்வூரிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. காற்றுக்கு அன்று எவரும் தவணைப்பணம் கேட்டதில்லை! இன்றைய பைபர் படகுக்கோ மண்ணெண்ணெய் வேண்டும். எஞ்சினை லீசிங்கில் எடுத்தோரும் உளர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் தவணை தவறும் என்ற நிலையில் ஒரு குடும்பம் வங்குரோத்தை எண்ணுமாயின், அதிற் குற்றமென்ன?

கடனிறுக்க வழியற்றவர் மாவட்ட நீதிமன்றத்தை நாடுவதற்கு 1853 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. அவருடைய சொத்து கடன்கொடுத்தோர் யாவருக்கும் பங்கிடப்படும் என்பதே அத்தகைய சட்டங்களின் சாரம். ‘அவருடைய சொத்து’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். லீசிங் எஞ்சின் அதிற் சேராது. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழும் பொருளின் உரிமை கம்பனிக்கே. நமக்குள்ளது பாவனை உரிமை மாத்திரம்.

சட்டம் பயிலும் மாணவர்கள் லண்டனில் 1895 இல் தீர்ந்த பியானோ வழக்கொன்றை அறிந்திருப்பர். மாதத் தவணைக்குப் பியானோ எடுத்த ஒருவர் நாலு மாதத்தில் அதனை அடகுகடையில் வைத்துவிட்டார். விரும்பிய நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தமையால், அவர் அதை வாங்க உடன்பட்டவரல்லர், வாடகைக்கு வைத்திருந்தவரே என்று பிரபுக்கள் சபை கண்டது. அடகுபிடித்தவர் பியானோவை இழந்தார். ஆகவே கையிலிருக்கும் எஞ்சினை இரவோடிரவாக விற்று மற்றக் கடனை அடைக்கலாம் என்று யோசனை சொல்லும் நண்பரை நாம் நம்பலாகாது. ஒளித்து வைப்பதும், உதிரிப்பாகங்களைக் கழற்றி விற்பதும் அவ்வாறே வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு முறையுண்டு. தொலைபேசியிற் சொன்னாற் போதாது. எழுத்தில் அறிவித்தல் வேண்டும். எஞ்சின் இலக்கம், ஒப்படைத்த திகதி, இருந்த நிலை, உடன் கொடுத்த எரிபொருட் தாங்கி முதலியன யாவும் எழுதிக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைப் பெறாமல் கரையிலிருந்து ஏற்றவிடலாகாது. புகைப்படமும் எடுத்து வைப்போம். ஏற்ற வந்தவர் வலையையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. சொந்த வலை கடன்கொடுத்தோர் எல்லோருக்கும் பொதுவானது. ஒருவருக்கு மட்டும் அள்ளிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரும்.

“எஞ்சின் போய்விட்டதே, கடனும் தீர்ந்ததுதானே?” என்று வீட்டுப் பெண்கள் கேட்பர். தீரவில்லை என்பதே கசப்பான பதில். கம்பனி அதனை விற்று வந்த தொகையைக் கழித்து மிச்சத்தைக் கேட்கும். அந்த மிச்சம் மற்றக் கடன்களோடு ஒன்றாக வரிசையில் நிற்கும். விற்ற விலையை எழுத்திற் கேட்டுப் பெறுதல் நம் உரிமையைக் காக்கும்.

எல்லாவற்றினும் நம்மை உறுத்துவது பிணைக் கையொப்பம். மைத்துனரோ பெரியப்பா மகனோ நம்முகத்துக்காக இட்ட கையொப்பம் அது. கடனாளிக்கு நீதிமன்றம் விடுதலை அளித்தாலும் பிணை நின்றவர் அதனால் விடுபடுவதில்லை. கம்பனி அவர் படலையைத் தட்டும். ஆதலால் எஞ்சினை ஒப்படைக்கும் நாளை அவருக்கு முன்னரே அறிவித்து, இயலுமாயின் உடன் அழைத்துச் செல்லுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியொன்று அவர் கையிலும் இருக்கட்டும்.