பூட்டு எங்கே இருக்க வேண்டும்?

கடத்தூரிலிருந்து நான் கைப்பேசியில் சென்னை இரயிலின் கடைசிப் படுக்கையைக் கேட்கும் அதே நொடியில், சேலத்தில் ஒருவர் முன்பதிவு கவுண்ட்டரில் அதையே கேட்கிறார். இருவருக்கும் கிடைத்துவிடுமா? கிடைக்காது. 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி விற்பனையைத் தொடங்கியபோதும் இருக்கைக் கணக்கு ஒன்றாகவே இருந்தது. வாசல்கள்தாம் இரண்டு, குதிர் ஒன்றே.

பூட்டு குதிருக்குத்தான் வேண்டும். ஒவ்வொரு செயலியும் தன் வாசலை மட்டும் பூட்டினால், மறு வாசலில் நடப்பது அதற்குத் தெரியாது. தரவுத்தளமே அந்தப் பதிவைப் பூட்டி, எழுதி, உடனே திறந்துவிட வேண்டும். நெடுநேரம் பூட்டினால் வரிசை நகராது.

ஆனால் பணம் வங்கியின் குதிரில் அல்லவா இருக்கிறது! இரண்டையும் ஒரே பூட்டில் அடைப்பது அரிது. ஆகவே, சீட்டுக் கிடைக்காதபோது பிடித்த பணம் கேளாமலே திரும்புவதும் பரிவர்த்தனையின் பகுதியே என்பது என் துணிபு. நடந்தால் முழுதும் நடக்கட்டும்; இல்லையேல் ஏதும் நடவாததாகட்டும்.