101-இல் ஏறினால் போதும்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பினாங்கு டத்தோ கிராமாட் சாப்பாட்டுக் கடைகளில் கப்பல் பேச்சுதான். சுவெட்டன்ஹம் துறையில் ஏறி புக்கெட் வரை போகலாம், ஆமை பார்க்கலாம் என்று ஆளுக்கொரு கணக்கு. போகட்டும், அவரவர் காசு. ஆனால் நாம் குடியிருப்பதும் தீவுதானே! கொம்தார் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோய் 101 பேருந்தைப் பிடித்தால், கடைசியில் தெலுக் பஹாங். 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா அங்கேதான் தொடங்குகிறது. காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் வியர்க்க நடந்தால் பந்தாய் கெராச்சுட். பேராமை முட்டையிடக் கரையேறும் மணல் அது. பக்கத்திலேயே முட்டைகளைக் காத்துப் பொரிக்கவிடும் நிலையமும் இருக்கிறது. அங்குள்ள ஏரியில் மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலப்பதில்லை. மழையில்லாத மாதங்களில் போனால் வெறும் சேறுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது லோத்தோங் குரங்கு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி; மடியிலிருக்கும் குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். இவை வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க, 2019-இல் தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டே பாலம் கட்டினார்கள். எந்தக் கப்பலில் இதைக் காட்டுவார்கள்? லோத்தோங் இலை தின்னும் சாது. நீண்டவால் குரங்கு அப்படியில்லை. வடைப் பொட்டலத்தைப் பையின் அடியில் வையுங்கள்.