விரலடையாளமும் படகு நேரமும்

அரசாங்க அலுவலகங்களில் உத்தியோகத்தர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் விரலடையாள இயந்திரத்தின் வாயிலாகவே உறுதிப்படுத்த வேண்டும் என்று பொது நிருவாக அமைச்சு 03/2017 ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் விதித்து, அவ்விதியை 2017 யூலை 1 ஆம் திகதி முதல் நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து நோக்குவோருக்கு இதனினும் நியாயமான ஏற்பாடு வேறொன்றில்லை என்றே தோன்றும். சம்பளம் பெறுகின்றவர் உரிய நேரத்தில் வர வேண்டும். வந்தாரா இல்லையா என்பதைத் தாட்சணியம் அறியாத ஒரு கருவி சொல்லட்டும். இதில் எவருக்கு என்ன ஆட்சேபம்? ஆனால், விடியுமுன் யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு, பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் பஸ்ஸிலே பிரயாணஞ்செய்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்கின்ற ஓர் எழுதுவினைஞர் அதே விதியை வாசிப்பாராயின், அதனை வகுத்தவர்கள் தரையை மாத்திரமே மனத்திற்கொண்டு வகுத்திருக்கின்றனர் என்பதைக் கணத்தில் உணர்ந்துகொள்வார்.

அரசாங்க அலுவலகத்தின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 4.15 மணிக்கு முடிகிறது. கடலின் நாள் அவ்வாறு தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. நயினாதீவுக்குப் போகின்றவர் கால் மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். நெடுந்தீவுக்குப் போகின்றவருக்கோ கடல் அமைதியாக இருக்கும் காலத்திலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். வைகாசி பிறந்து சோழகம் வீசத் தொடங்கிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவாக நீளும் என்பதைப் படகோட்டியும் திட்டமாகச் சொல்லமாட்டார். மாரியில் வாடை கிளம்பிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுச் சேவையே நின்றுபோகும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று தீவு மக்கள் தம் வீட்டாரைப் போலப் பெயர் சொல்லி அழைக்கின்ற படகுகளுள் எது இன்று ஓடும், எது பழுதுபார்க்கும் துறையில் கிடக்கும் என்பதை அறிந்த பின்னரே அக்கரையில் உத்தியோகம் பார்ப்பவர் தம்முடைய நாளைத் திட்டமிட முடியும். ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் கடமைக்குச் செல்வோரின் நிலையும் இதுவே. இத்தகையவர் அலுவலக வாயிலை அடைந்து விரலை வைக்கும்போது, இயந்திரம் நிமிடத்தைப் பதிகின்றது, காற்றைப் பதிவதில்லை. படகு பிந்திய குற்றம் பிரயாணியின் கணக்கிலே ஏறுகின்றது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, உத்தியோகத்தரின் பக்கத்து நியாயத்தை மட்டும் பேசி இப்பத்தியை முடித்துவிடுவது எனக்கு உடன்பாடன்று. தீவகம் எனப்படும் இத்தீவுகளின் பிரஜைகள் பக்கத்திலும் ஒரு நீண்ட முறைப்பாடு உண்டு. அது இயந்திரத்திற்கு வெகுகாலம் முந்தியது. ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரத்திற்காகவோ, காணி உறுதி சம்பந்தமான ஒரு கையெழுத்துக்காகவோ, முதியோர் கொடுப்பனவைப் பற்றி விசாரிப்பதற்காகவோ வெயிலிலே நடந்து அலுவலகத்திற்குப் போய், வெறுங் கதிரையைக் கண்டு திரும்பிய கதை இல்லாத வீடு அங்கே அரிது. “ஐயா மீற்றிங்குக்கு யாழ்ப்பாணம் போட்டாராம், நாளைக்கு வரட்டாம்” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அவர்கள் சலித்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு வந்து, பிற்பகற் படகைப் பிடிப்பதற்காக இரண்டு மணிக்கே கோவையை மூடிவிடுகின்றவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது மறைக்கத்தக்க விஷயமன்று. நகரத்திலே ஓர் உத்தியோகத்தர் வராவிட்டால் அடுத்த மேசையில் இன்னொருவர் இருப்பார். தீவிலே அவர் வராவிட்டால் அரசாங்கமே வரவில்லை. ஆகையால் வரவைக் குறித்தல் வேண்டும் என்ற கொள்கையை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். யாருடைய வரவை, எதற்காக, எவருக்குப் பதில் சொல்லும் பொருட்டுக் குறிக்கின்றோம் என்பதிலேதான் விவாதம் இருக்கிறது.

உழைப்பவரைக் கணக்கெடுக்கும் கருவிகளின் சரித்திரம் இவ்விவாதத்திற்கு வெளிச்சந் தருவது. அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லார்ட் பண்டி என்ற நகை வியாபாரி, தொழிலாளர் வரும் நேரத்தைத் தானே பதியும் கடிகாரமொன்றை 1888 ஆம் ஆண்டளவில் ஆக்கினார்; அவ்வகைக் கடிகாரங்களைச் செய்த கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து வளர்ந்தே பிற்காலத்தில் ஐ.பி.எம். என்ற பெருநிறுவனத்தின் வேர்களுள் ஒன்றாயின. விரலடையாளத்தின் கதையோ நம்முடைய பக்கத்திலேயே பிறந்தது. 1858 இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, வீதி வேலைக்குப் பொருள் தருவதாக உடன்பட்ட ராஜ்யதர் கோணாய் என்பவர் பின்னர் வாக்கு மாறாதிருக்கும் பொருட்டு, ஒப்பந்தப் பத்திரத்தில் அவருடைய உள்ளங்கையை மையிலே தோய்த்துப் பதியச் செய்தார். 1897 இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. அங்கே அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர் வகுத்துக் கொடுத்த ஒழுங்குமுறை, அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவியது. குடிமகனின் சொல்லை நம்பாத ஓர் ஆட்சி அவனுடைய தோலை நம்பத் துணிந்ததிலிருந்து பிறந்த வித்தை இது.

அந்த வித்தையைத் தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வால் அரசாங்கம் ஆசியர் மீது கட்டாயமாகச் சுமத்த முற்பட்டபோது, 1906 செப்டெம்பர் 11 ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க் நகரத்து எம்பயர் நாடகசாலையில் கூடிய இந்தியர், அதற்குப் பணிவதில்லை என்று பிரதிக்ஞை செய்தனர். சத்தியாக்கிரகம் அங்கேதான் உதயமாயிற்று. காந்தியடிகளும், திரான்ஸ்வால் தமிழரின் தலைவர்களுள் ஒருவரான தம்பி நாயுடுவும் 1908 தொடக்கத்தில் சிறை புகுந்தனர். பின்னர் ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டபோது, கட்டாயத்தின் பேரில் கொடுக்க மறுத்த அதே விரலடையாளத்தைக் காந்தியடிகள் தாமாகவே முன்வந்து கொடுத்தார். அந்தக் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று இந்தியர் நம்பிய வாக்கு நிறைவேறாமற் போகவே, அவ்வாண்டு ஆகஸ்ட் 16 ஆம் திகதி பதிவுப் பத்திரங்கள் பகிரங்கமாகத் தீயில் இடப்பட்டன. விரலைப் பதிவது எக்காலத்திலும் அவமானம் என்று காந்தியடிகள் கருதவில்லை என்பதை இச்சம்பவம் காட்டுகின்றது. ஒரு தரப்பு தன் விரலைக் கொடுக்க, மறு தரப்பு தன் வாக்கைக் காப்பாற்றாமல் விடும்போதே அது தாங்கொணாத அநீதியாகின்றது.

தீவகத்தாருக்குக் கண்காணிப்பு என்பது புத்தகத்திலே படித்தறிந்த சங்கதியன்று. போர்க்காலத்தில் கடற்றொழிலாளர் கடலுக்குப் போவதற்குக் கடற்படையின் ‘பாஸ்’ வேண்டியிருந்தது. போகும் நேரமும் திரும்பும் நேரமும் விதிக்கப்பட்டிருந்தன. இரவுத் தொழிலுக்குத் தடை இருந்தது. வள்ளத்தில் பூட்டும் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் எல்லை இருந்தது. தொழில் செய்பவனின் கையிலுள்ள கருவியையும் அவனுடைய நேரத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்திய அந்த ஏற்பாட்டில், அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவருமிருக்கவில்லை. 1985 மே 15 ஆம் திகதி குமுதினியில் சென்ற பிரயாணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை மறவாத ஒரு சமூகத்திலே, பதிவேடு, சோதனை, அனுமதி என்ற சொற்கள் கொழும்பில் ஒலிப்பது போல ஒலிப்பதில்லை. இன்று அலுவலகச் சுவரிலே பூட்டப்பட்டுள்ள இயந்திரம் அந்தக் காலத்துச் சோதனைச் சாவடியன்று என்பதை நான் நன்கறிவேன். எனினும் ஒருபக்கமாக மாத்திரம் பார்க்கின்ற எந்தக் கண்ணையும் இம்மக்கள் ஐயத்தோடு நோக்குவார்களாயின், அதற்குக் காரணம் உண்டு.

இந்த ஐயம் தீவகத்தோடு நின்றுவிடவுமில்லை. 2025 ஆகஸ்ட் 17 ஆம் திகதி தொடங்கி ஒரு வாரம் நடைபெற்ற தபால் ஊழியரின் வேலைநிறுத்தத்தில், மேலதிக நேரக் கொடுப்பனவும் விரலடையாளப் பதிவும் பிரதான பிரச்சினைகளாயிருந்தன. மக்களின் பணத்தில் மேலதிக நேரம் கொடுக்கப்படுவதால் அந்நேரம் சரியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்ற அரசாங்கத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் தபாலூழியத்தின் பெரும்பகுதி வாயிற்கதவுக்கு வெளியேதான் நடக்கின்றது. நெடுந்தீவிலே கடிதப் பையைப் படகிலிருந்து இறக்கி, பவளக்கல் மதில்களுக்கிடையே சைக்கிளை மிதித்து வீடுவீடாகச் செல்லும் தபாற்காரரின் சேவையை, அவர் காலையில் வைத்த விரலும் மாலையில் வைத்த விரலும் எவ்வாறு அளக்கும்? கர்ப்பிணிகளைத் தேடிச் செல்லும் குடும்பநல மாதும், வெள்ளம் வந்தால் வீட்டுக்கு வீடு போய் விபரம் எடுக்கும் கிராம உத்தியோகத்தரும் இவ்வகையினரே. கூலி வேலை செய்து தேய்ந்துபோன கையுடைய சுகாதாரத் தொழிலாளியின் ரேகையை இயந்திரம் சில வேளைகளில் இனங்காணவே மறுக்கும். வேலை செய்து தேய்ந்த விரலுக்கே வேலைக்கு வரவில்லை என்ற பழி வருவதைப் போன்ற கொடுமை வேறென்ன?

சட்டம் இவ்விஷயத்தில் முற்றாக மௌனமாயில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரலடையாளம் போன்ற உடலடையாளத் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகைப்படுத்துகின்றது. இயந்திரம் தானாகவே செய்த ஒரு தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையையும் வழங்குகின்றது. ஆனால் அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது 2025 இல் ஒத்திவைக்கப்பட்டது. விரலைப் பெறும் ஏற்பாடு 2017 இலேயே வந்துவிட, விரலைக் காக்கும் ஏற்பாடு இவ்வளவு காலந் தாழ்த்தியது ஆட்சியின் மனப்போக்கைக் காட்டுகின்றது. இதற்கிடையில், 2022 செப்டெம்பரில் வெளியான மற்றொரு சுற்றறிக்கை, சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடும் அரசாங்க உத்தியோகத்தர் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாக நேரும் என்று தாபன விதிக்கோவையை எடுத்துக்காட்டி நினைவூட்டியது. குறிகட்டுவானில் படகு வராமல் நிற்கும் காட்சியைத் தம் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வெளியிட எந்த உத்தியோகத்தர் துணிவார்? பிறநாடுகளில் நீதிமன்றங்கள் ஊழியர் மீதான கண்காணிப்புக்கு ஓர் எல்லை வகுக்க முயன்றுள்ளன. ருமேனியாவிலே ஊழியர் ஒருவரின் இணையவழி உரையாடலை அவருடைய நிறுவனம் வாசித்த வழக்கில், கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் முன்கூட்டியே அவருக்கு அறிவிக்கவில்லை என்பதைப் பெரிதும் கருத்திற்கொண்ட ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், 2017 செப்டெம்பர் 5 ஆம் திகதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வேலைத்தலத்தினுள் காலை வைத்ததும் மனிதன் தன்னுடைய அந்தரங்கத்தை முற்றாக வாயிலில் கழற்றி வைத்துவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தீவகத்திற்கு வேண்டியது என்னவென்று என்னைக் கேட்டால், கண்காணிப்பை நீக்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதனை இருபக்கமும் செல்லும்படி செய்யுங்கள் என்பேன். அலுவலகத்தில் வரவு இடாப்பு இருப்பது போலக் குறிகட்டுவானிலும் ஊர்காவற்றுறையிலும் படகு இடாப்பொன்று இருக்க வேண்டும். படகு புறப்பட வேண்டிய நேரமும், உண்மையில் புறப்பட்ட நேரமும், சேர்ந்த நேரமும், சேவை நின்ற நாட்களும் அதற்குரிய காரணமும் அதில் நாடோறும் எழுதப்பட வேண்டும். அலுவலக இயந்திரத்தின் கணக்கு அந்த இடாப்போடு ஒப்பிடப்பட்ட பின்னரே ஒருவருடைய அரை நாள் விடுமுறை வெட்டப்பட வேண்டும். இறங்குதுறைக்கு உரிய வேளையில் வந்தவர் கடமைக்கு வந்தவராகவே கருதப்படுவாராக. வெளிக்கள உத்தியோகத்தரை அவர்களுடைய நாட்குறிப்பையும் செய்த சேவையையும் கொண்டே மதிப்பிட வேண்டும். ரேகை தேய்ந்தவருக்கு மாற்று வழி முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும். சேகரித்த விரலடையாளத்தை யார் வைத்திருக்கிறார், எப்போது அழிப்பார் என்பதைக் கொடுத்தவருக்கு எழுத்திலே அறிவிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அக்கரையிலே தங்கிக் கடமை புரிய விரும்புகின்றவருக்குத் தண்ணீரும் மின்சாரமும் உள்ள விடுதிகளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் புறப்படும் வழக்கத்தை எந்த இயந்திரத்தினும் திறம்பட அவ்விடுதிகள் ஒழிக்கும்.

இவையெல்லாம் பெருஞ்செலவு பிடிக்கும் கனவுகள் அல்ல. படகு இடாப்புக்கு ஒரு கொப்பியும் நேர்மையான ஒரு கையும் போதும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம்முடைய கையிலே இருக்கின்றது. எந்தப் பிரஜையும் அலுவலகத்தின் வரவுக் கணக்கைக் கோரலாம், படகுச் சேவையின் கணக்கையும் கோரலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் உள்ள சனசமூக நிலையங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத்திற் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கதிரை வெறுமையாயிருந்த நாட்களுக்கு உத்தியோகத்தர் பதில் சொல்லட்டும். இறங்குதுறை வெறுமையாயிருந்த நாட்களுக்கு அரசாங்கம் பதில் சொல்லட்டும். பிந்திவந்த ஊழியரின் சம்பளத்தைக் குறைக்கத் தெரிந்த நிருவாகம், பிந்திவந்த படகுக்குத் தானே பொறுப்பேற்கவும் கற்றுக்கொள்ளும் வரை, அது நடத்துவது பாதிக் கணக்கு மாத்திரமே. அந்தப் பாதியைக் கொண்டு எவரையும் தண்டிக்க அதற்கு உரிமையில்லை.