நகைச்சுவையும் உயர்ந்த கலையே!

அழுகைக்கு நாற்காலி போட்டுவிட்டுச் சிரிப்பைத் திண்ணையில் உட்கார வைப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. கண்ணீர் வரவழைக்கும் படம் என்றால் 'நல்ல படம்' என்கிறோம். வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படத்தையோ 'ஏதோ பொழுது போயிற்று' என்று சொல்லி மறந்துவிடுகிறோம். பள்ளி விழாக்களிலும் அடுத்த நாடகத்திற்குத் திரை மாற்றும் வரையில் இடத்தை நிரப்பத்தான் நகைச்சுவைத் துணுக்கு! அப்படியாயின், திரைப்பட நகைச்சுவை மதிப்பிற்குரிய கலையா, வெறும் கேலிக்கூத்தா? கலையே என்பது நம் துணிபு.

நம் முன்னோர் சிரிப்பைத் தாழ்வாக எண்ணவில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைத்தது நகையைத்தான். அழுகை அதற்கு அடுத்ததே. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நான்கினையும் அவர் வகுத்துக் காட்டினார். இலக்கணம் வகுக்கத் தக்க ஒன்று விளையாட்டுப் பொருளாகுமா?

சிரிக்க வைப்பது எளிது என்போர் 1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தைப் பார்க்கட்டும். நாகேஷ் தாம் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்கிறார், டி. எஸ். பாலையா கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் ஒருவர் குரலை ஏற்றி இறக்க, மற்றவர் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அந்தச் சிரிப்பு செத்துப் போகும். இந்த அளவறிந்த நடிப்பு பயிற்சியின்றி வருமா?

அந்த நாகேஷ் நமக்குப் பக்கத்து ஊரான தாராபுரத்துக்காரர். 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஆயிரம் பொற்காசுக்கு ஏங்கித் தனியே புலம்பும் தருமியாக அவர் வரும்போது அரங்கமே சிரிக்கிறது; சிரித்து முடித்த பின் அந்த ஏழைப் புலவரின் வறுமை நெஞ்சில் தங்கிவிடுகிறது. அத்தகைய கலைஞருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது எந்தப் படத்திற்காக? மகளை இழந்து தவிக்கும் தந்தையாக நடித்த 'நம்மவர்' (1994) படத்திற்காக! அந்த விருதுக்கு அவர் முற்றும் தகுதியானவரே. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மைச் சிரிக்க வைத்தவர், அழுது காட்டிய பிறகுதான் அந்த மேடைக்கு அழைக்கப்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சிரிப்பு சிந்தனையையும் வளர்க்கும் என்பதற்கு நம் உடுமலையே சான்று. நம்மூரை அடுத்த பூளவாடியில் 1899-இல் பிறந்த உடுமலை நாராயணகவி, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்காகப் பல பாடல்களை எழுதினார். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தின் கிந்தனார் காலட்சேபம் அவற்றுள் புகழ்பெற்றது. நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார். கிந்தனோ பள்ளிக்கூடம் போகத் துடிக்கிறான். பக்திக் கதை சொல்லும் அதே முறையில், எல்லாரும் படிக்க வேண்டும் என்ற கருத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார்கள். மேடையில் ஒருவர் அதட்டிச் சொன்னால் கோபம் வரும். கலைவாணர் சொன்னால் சிரிப்பு வரும். சிரிப்போடு உண்மையும் உள்ளே போய்விடும். சென்னையில் அவர் பெயரால் அமைந்த கலைவாணர் அரங்கத்தில்தான், கொரோனா காலமாகிய 2020 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றப் பேரவை கூடியது. சிரிக்க வைத்தவர் பெயர் தாங்கிய கூடத்தில் நாட்டின் காரியங்கள் பேசப்பட்டன!

கடல் கடந்தும் இதே கதைதான். 1936-இல் சார்லி சாப்ளின் எடுத்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில், ஓடும் இயந்திரத்திற்கு ஈடு கொடுத்துத் திருகாணி முடுக்கியே ஒரு தொழிலாளியின் மூளை கலங்கிவிடுகிறது. பார்த்தால் சிரிப்பு வரும். நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஷிப்டு முடிந்து கை ஓய்ந்து வீடு திரும்பும் அம்மாக்களையும் அக்காக்களையும் கொண்ட நமக்கு, அந்தச் சிரிப்பின் அடியில் இருப்பது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"கறுப்பு நிறத்தையும், பருத்த உடலையும், திக்குவாயையும் கேலி செய்வதுதானே சினிமா நகைச்சுவை? அதற்கா மதிப்பு?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. திரையில் ஒருவர் உதிர்த்த சொல், மறுநாள் வகுப்பில் ஒரு மாணவியின் பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. அவள் கலைவிழாவுக்குப் பெயர் கொடுக்க மறுக்கிறாள். குழுப் புகைப்படத்தில் பின் வரிசையில் ஒளிகிறாள். 'சும்மா தமாஷ்தானே' என்று மற்றவர் சொல்லிவிடலாம். தாங்குகிறவளுக்கு அது தமாஷ் அன்று.

ஆனால் இந்தக் குறைக்கு மருந்தும் மதிப்புத்தான். 'வெறும் தமாஷ்' என்று ஒதுக்கிய பொருளை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. பொன் என்று நம்பியதைத்தானே உரைகல்லில் உரைக்கிறோம்? நகைச்சுவையைக் கலை என்று ஏற்றுக்கொண்டால், இது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, எதற்காகச் சிரிக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடும். கலைவாணர் அறியாமையைப் பார்த்துச் சிரித்தார். சாப்ளின், ஹிட்லர் ஆட்சியில் இருக்கும்போதே, 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்து அவனைப் பார்த்துச் சிரித்தார். எளியவரின் தோலையும் எடையையும் பார்த்துச் சிரிப்பது அந்த வரிசையில் நிற்குமா?

ஆகவே தோழியரே, நல்ல நகைச்சுவையைக் கண்டால் நல்ல நடிப்பைப் பாராட்டுவது போலவே மனமாரப் பாராட்டுவோம். இழிந்த கேலியைக் கண்டால் சிரிக்க மறுப்போம். கைதட்டல் நம் கையில்தான் இருக்கிறது. அதைத் தகுதியறிந்து தருவதே நகைச்சுவைக் கலைக்கு நாம் செய்யும் மரியாதை.