பெட்டியின் திறப்பு யாரிடம்?



சென்ற மாதம் பரந்தனுக்கு அப்பால் இருக்கும் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மகள் உயர்தரம் படிக்கிறாள், மகனுக்குப் பதினாறு வயது. இரண்டு தையல் மெஷின்களை வைத்துத்தான் சீவியம். ஓடர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. மகளின் வகுப்புகளில் பாதி ஸூமில். அந்தப் பகுதிக்குத் தொலைபேசிக் கம்பி வரவில்லை என்பதால் சிம் போட்டு வேலை செய்யும் இணையப் பெட்டியொன்றை மேசையில் வைத்திருக்கிறார்கள். இப்போது நம்மில் பலரது வீடுகளில் இந்தப் பெட்டி இருக்கிறது.

"தங்கச்சி, இருபதாந் திகதிக்குள்ள டேட்டா முடிஞ்சு போகுது. நாங்கள் அவ்வளவு பாவிக்கிறேல்லை" என்றார் அக்கா.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் போனில் அடித்து அதன் பக்கத்தைத் திறக்கப் பார்த்தோம். கடவுச்சொல் பிழை என்றது. பெட்டியைப் பூட்டித் தந்த பக்கத்துத் தம்பி அதை மாற்றியிருந்தார். அவரிடம் கேட்க அக்காவுக்கு மனமில்லை. "நல்ல பெடியன், மழைக்குக் கூரையும் மேய்ஞ்சு தந்தவன். கேட்டால் என்ன நினைப்பான்?" ஆண் துணையில்லாத வீட்டில் ஒவ்வொரு உதவியோடும் ஒரு கடனும் சேர்ந்து வருகிறது. சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் சொல்லித் தந்தார்கள், அந்த மேசைக்கு முன்னால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அந்தத் தம்பியில் நான் குற்றம் காணவில்லை. ஆனாலும் பெட்டியின் பக்கத்தைத் திறக்கக்கூடியவர் வேலிக்கு அப்பால் நின்றபடியே எந்தெந்தப் போன் வீட்டில் இருக்கிறது, எது வெளியே போய்விட்டது என்று பார்க்கலாம். வளர்ந்த மகள் இருக்கும் வீடு அது.

பெட்டியின் பின்பக்கத்தில் ஊசித்துளை போல ஒரு பொத்தான் இருக்கும். அதைப் பத்து, பதினைந்து செக்கன் அழுத்திப் பிடித்தால் பெட்டி வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பும், அடியில் அச்சிட்ட கடவுச்சொல்லும் திரும்ப வேலை செய்யும். (சில பெட்டிகளில் அதன்பின் சிம் கொம்பனியின் அமைப்பைத் திரும்பப் பதிய வேண்டி வரும். அதை முதலே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) அழுத்துவதற்கு முன் பெட்டியோடு தொடுத்திருந்த போன்களை அக்காவின் போனில் இருந்த ஒரு செயலியால் எண்ணிப் பார்த்தோம். பதினொன்று. வீட்டில் இருப்பவை மூன்று.

புதுக் கடவுச்சொல் போட்டாயிற்று. வைபைக்கு ஒன்று, பெட்டியின் பக்கத்துக்கு வேறொன்று. ஆனால் மகனின் போனை இரவு பத்தரைக்கு நிறுத்த வழி தேடியபோது பெட்டியில் அப்படி ஒன்றுமே இல்லை. கொம்பனிகள் இந்தப் பெட்டிகளைத் தங்கள் வசதிக்கு ஏற்பக் கட்டித்தான் தருகின்றன. பெயர் மாற்றலாம், கடவுச்சொல் மாற்றலாம், அதற்கு மேல் பல பெட்டிகளில் கதவு அடைத்திருக்கும்.

அப்படியானால் பெட்டியை அதன்பாட்டில் விட்டுவிட்டு, பின்னால் நமது சொந்த றவுட்டர் ஒன்றைப் பூட்டுவதே வழி. பெட்டி வெளியிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும், வீட்டுக்குள் பங்கிடுவது நமது றவுட்டர். எங்கள் முதல் முயற்சி தோற்றது. வவுனியாவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய றவுட்டரோடு ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டோம். அது தொலைபேசிக் கம்பிக்கென்று செய்தது, வெளியிணையத்தை வயரால் வாங்கும் துளை அதில் இல்லை. வாங்கும்போது மற்றத் துளைகளிலிருந்து நிறம் வேறுபட்ட, 'வான்' என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். பாவித்த சாமான் போதும்.

பெட்டியின் 'லான்' துளையிலிருந்து றவுட்டரின் 'வான்' துளைக்கு ஒரு வயர். இரண்டுக்கும் ஒரே உள்முகவரி இருந்தால் குழம்பும். பெட்டி 192.168.1.1 என்றால் றவுட்டரை 192.168.2.1 என்று மாற்றுங்கள். பிறகு பெட்டியின் வைபையை நிறுத்தவேண்டும். நிறுத்த விடாத பெட்டியென்றால் அதற்கு நீளமான கடவுச்சொல் போட்டு ஒருவருக்கும் சொல்லாமல் விடுங்கள். றவுட்டரில் பெயர்த் தேடலுக்கான 'டிஎன்எஸ்' இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று கொடுத்தால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் திறக்கா. கிளவுட்ஃபிளேர் 2020 இல் இலவசமாகத் தொடங்கிய சேவை இது. பிள்ளை தன் சிம் டேட்டாவுக்கு மாறினால் இது பலிக்காது, அதற்குப் பேச்சுத்தான் மருந்து.

மகன் கெட்டிக்காரன். போனில் வைபை முகவரியை மாற்றும் அமைப்பைத் தட்டிவிட்டு, றவுட்டர் தன்னைப் புதிய போனாக எண்ணும்படி இரண்டே நாளில் செய்துவிட்டான். அதனால் அவனுக்கும் விருந்தினருக்கும் தனி வைபைப் பெயர் வைத்து, அந்தப் பெயரையே பத்தரைக்கு நிறுத்தினோம். மகளின் வைபை ஓடிக்கொண்டிருக்கும். "அக்காவுக்கு மட்டும் ஏன்?" என்று ஒரு கிழமை சோறு தின்னாமல் முகத்தைத் தூக்கிவைத்திருந்தானாம்.

கமெரா கதைதான் நீண்டது. இரவில் வேலிப் பக்கம் நடமாட்டம் என்று அக்கா ஒரு கமெரா வாங்கியிருந்தார். வெளியூருக்குத் துணி கொடுக்கப் போகும்போது போனில் பார்க்க ஆசை. விற்ற கடைக்காரர் 'போர்ட் ஃபோர்வேர்டிங்' செய்யச் சொன்னாராம். சிம் பெட்டியில் அது அநேகமாகப் பலிக்காது. இணைய முகவரிகளின் பழைய முறையில் மொத்தம் 430 கோடி அளவுதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பங்குக்கு வந்துவிட்டது. ஆகவே கைத்தொலைபேசிக் கொம்பனிகள் ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. முகாமில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். உள்ளேயிருந்து நாம் கடிதம் போட்டால் பதில் வரும். முகாமின் பெயரை மட்டும் எழுதி வெளியிலிருந்து ஒருவர் போட்டால் எந்தக் கொட்டிலுக்கென்று யாருக்குத் தெரியும்? பெட்டியின் பக்கத்தில் வெளிமுகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையான இலக்கத்திலோ தொடங்கினால் உங்களுடையதும் பங்கு முகவரிதான். றவுட்டரைச் சேர்த்தாலும் இது மாறாது.

கமெராவே வெளியே கதைக்கவேண்டும். கமெரா தன் கொம்பனியின் கணினிக்குத் தானாகத் தொடர்பெடுக்கும், நமது போனும் அங்கே போய்ச் சந்திக்கும். செயலியோடு வரும் கமெராக்கள் பலவும் இப்படித்தான். ஆனால் நமது முற்றத்தின் படம் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணினி வழியாகப் போகிறது. அதனால் அக்காவின் கமெராவை வெளிவாசலுக்கு மட்டும் வைத்தோம். படுக்கை, குளிக்கும் இடம் பக்கம் எந்தக் கமெராவும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

பக்கத்துத் தம்பி பிறகு வந்து, "அக்கா, வைபை வேலை செய்யேல்லையே?" என்று கேட்டாராம். "பிள்ளையின்ர படிப்புக்குக் காணாதாம் தம்பி, மாத்திப்போட்டன்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம் அக்கா. புதுக் கடவுச்சொல்லைத் தையல் அளவுக் கொப்பியின் கடைசி ஒற்றையில் எழுதி வைத்திருக்கிறார்.