புளியங்கொட்டை போதும்

"குழந்தைங்களோட ரோல்பிளேயிங் கேம் ஆடணும்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வாங்குங்க" என்று சொல்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. 1974இல் வந்த அந்த விளையாட்டின் மேல் கோபமில்லை. ஆனால் 2014 பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு மட்டுமே 320 பக்கம், ஆங்கிலத்தில். குயிலாப்பாளையத்து எட்டு வயசுப் பிள்ளைகள் நடுவே அதை விரித்தால் என்ன ஆகும்? இங்கிலீஷ் படிக்கிற அண்ணன் ஆடுவான், மத்ததுங்க வேடிக்கை பார்க்கும். விளையாட்டிலும் ஒரு கடைசி பெஞ்ச்.

விதி குறைந்த ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' (2013) ஒரே பக்கம். ஒரு பாத்திரத்துக்கு ஒரே எண். அதையும் சுருக்கலாம். விண்கலத்துக்குப் பதில் முந்திரித்தோப்பு. பகடைக்குப் பதில், தாயத்துக்குத் தேய்ப்பதுபோல் ஒருபக்கம் வெள்ளையாகத் தேய்த்த நாலு புளியங்கொட்டை. இரண்டு வெள்ளையாவது விழுந்தால் நினைத்தது நடக்கும். இல்லாவிட்டால் புதுச் சிக்கல் வரும். அவ்வளவுதான் விதி.

"இதுல கணக்கு, இங்கிலீஷ் எங்க வளரும்?" என்பார்கள். எல்லாவற்றையும் டியூஷனாக்காதீர்கள். கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வருகிற வேஷத்தைக் கட்டியங்காரன் "யார் நீ?" என்று கேட்பான். "இதைச் செய், அதைச் செய்யாதே" என்றே நாளெல்லாம் கேட்கிற பிள்ளையிடம் நாமும் அப்படிக் கேட்கலாம்: "யார் நீ? இப்ப என்ன பண்ணப்போற?" அதன் பதிலுக்குக் காத்திருக்கவிடாத விதி எத்தனை பக்கம் இருந்தாலும் குப்பைதான்.